கேசட்டின் கடைசி நாற்பது விநாடி



ஏ.ஆர். ரஹ்மானின் இசையை விரும்பிக் கேட்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். 1992-ஆம் ஆண்டு ‘ரோஜா’ வெளிவந்தபோது எனக்குப் பதினொரு வயது. இன்று ஆவடியில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் கற்பிக்கிறேன்; தலையில் நரையும் ஏறிவிட்டது. ஆயினும் அவருடைய புதுப்படப் பாடல்கள் வெளிவரும் நாளில், அம்பத்தூரில் மின்வண்டி ஏறி ஆவடியில் இறங்குவதற்குள் இரண்டு பாடல்களையாவது கேட்டுவிட வேண்டும் என்று துடிக்கும் சிறுபிள்ளைத்தனம் என்னைவிட்டு அகலவில்லை. இடையில் இருப்பவை இரண்டே நிலையங்கள்.

இசை எந்த அளவுக்கு ஆகுமானது என்பதில் ஆலிம் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நான் அறிவேன். அதில் தீர்ப்புரைக்கும் தகுதி எனக்கில்லை. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவன்று. எங்கள் வீட்டிலேயே நன்னா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக இருந்தோம். ‘ரஹ்மான் பாட்டு’ என்று நான் சொல்லும்போதெல்லாம், “ரஹ்மான் அல்லாஹ்வுடைய திருநாமம். மனுசரைச் சொல்றதா இருந்தா அப்துர் ரஹ்மான்னு சொல்லு” என்று அவர் திருத்துவார். திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன், பாட்டுக் கேட்பதை விடவில்லை. 2009-இல் ஆஸ்கார் மேடையில் நின்று, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அவர் தமிழில் கூறியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நன்னா, அன்று ஒருநாள் மட்டும் எதுவும் சொல்லாமல் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

‘பழைய ரஹ்மான் போய்விட்டார்’ என்று சொல்வோர் இப்போது பெருகிவிட்டனர். நிக்காஹ் முடிந்து பந்திக்குக் காத்திருக்கும் வேளைகளில் இப்பேச்சைக் கேட்காமல் நான் வீடு திரும்பியதே இல்லை. அக்கூற்றை நான் முழுமையாக ஏற்கவும் இல்லை, முழுமையாக மறுக்கவும் இல்லை.

2022-லும் 2023-லும் இரு பாகங்களாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்துக் கதையாயிற்றே, நாகசுரமும் தவிலும் முழங்கப் போகின்றன என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ கூட்டுக்குரல்களை அடுக்கி அடுக்கி ஒரு பெருவெளியை எழுப்பியிருந்தார். முதல்முறை கேட்டபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. முதல் பாகத்தின் பின்னணி இசைக்கு 2024-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது; அது அவர் பெற்ற ஏழாவது தேசிய விருது. விருதுக்காக என் எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டாம் பாகத்தில், இளங்கோ கிருஷ்ணன் எழுதி சக்திஸ்ரீ கோபாலன் பாடிய ‘அக நக’ வந்தபோது மாற்றிக்கொண்டேன். அங்கே குரல் முன்னே நிற்கிறது. கருவிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. ரஹ்மானிடம் இன்று மிகச் சிறந்தது தாளமன்று, கருவியுமன்று. ஒரு தனிக்குரலைத் தேர்ந்தெடுத்து, அதைத் துணையின்றி நிற்கவிடும் துணிவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘வெந்து தணிந்தது காடு’ படத்தில் (2022) தாமரை எழுதி மதுஸ்ரீ பாடிய ‘மல்லிப்பூ’ இதற்கு நல்ல சான்று. பிழைப்புக்காக வெளியூர் போன கணவனை எண்ணிக் காத்திருக்கும் ஒருத்தியின் குரல் அது. நம் வீடுகளில் இக்கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளன்று வெளியான ‘மாமன்னன்’ படத்தில் யுகபாரதியின் ‘ராசா கண்ணு’ பாடலை வடிவேலுவைக் கொண்டு பாடவைத்தார். நாம் முப்பது ஆண்டுகளாகச் சிரித்துக் கேட்ட குரல் அது. அக்குரலுக்குள் இப்படியோர் ஒப்பாரி இருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்குச் செவி சாதாரணமாக இருக்க முடியாது.

இவற்றுக்கு நேர்மாறான பாடல்களும் உண்டு. ‘கோப்ரா’, ‘அயலான்’ ஆகியவற்றை இரண்டு முறை கேட்டேன். பிறகு தேடிப் போகவில்லை. ‘ராயன்’ பாடல்களில் எனக்குப் பிடித்த தாளங்கள் இருந்தும், மாலை ஆறு மணிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையைக் கடப்பதுபோல் ஒரு நெரிசல். எல்லா ஒலிப்பான்களும் ஒரே நேரத்தில் அலறுகின்றன. 2025-இல் வந்த ‘தக் லைஃப்’ படத்தில் ‘முத்த மழை’ என்றொரு நல்ல பாடல். தீ ஒரு வகையில் பாடினார். மேடையில் சின்மயி வேறொரு வகையில் பாடினார். எது சிறந்தது என்று ஊரே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அரங்குக்குப் போனால் படத்தில் அப்பாடலே இல்லை! விருந்துக்கு அழைத்துவிட்டு, பிரியாணி அண்டாவைத் திறக்காமலே அனுப்பிய கதைதான்.

இந்திப் படங்களை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். 2024-இல் வந்த ‘அமர் சிங் சம்கீலா’வின் ‘விதா கரோ’ என்னும் விடைபெறும் பாடல், மொழி புரியாத என்னையும் கலங்க வைத்தது. அதே ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி வெளிவந்த ‘மைதான்’, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தங்கம் பெற்றுத் தந்த ஹைதராபாத் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் வரலாறு. படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பாடல்கள் சுமார்தான். மறு ஆண்டு, சம்பாஜிக்கும் அவுரங்கசீப்புக்கும் நடந்த போரைச் சொல்லும் ‘சாவா’ வந்தபோது, “உங்க ரஹ்மான் இதுக்கும் இசை போட்டிருக்காரே?” என்று பள்ளிவாசல் வாயிலிலேயே என்னை நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. என்னிடம் விடை இல்லை. கொடுத்த காட்சிக்கு இசையமைப்பது அவர் தொழில் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே எனக்கு மனம் ஒப்பவில்லை. இசையளவில் சொல்வதானால், முழக்கம் மிகுந்து, அமைதிக்கு இடமற்றுப் போன படைப்பு அது.

வாசகர்களே, நான் உங்களிடம் சொல்ல வந்தது ‘லால் சலாம்’ பற்றியது. 2024 பிப்ரவரியில் வந்த அப்படத்தில் ‘திமிறி எழுடா’ என்ற பாடல் இருக்கிறது. அதில் ஒலிக்கும் குரல்களுள் இரண்டுக்கு உரியவர்கள் அப்போது உயிருடன் இல்லை. பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் காலமானவர். மற்றவர் ஷாகுல் ஹமீது. ‘உசிலம்பட்டி பெண்குட்டி’ பாடியவர் என்றால் உங்களுக்கு உடனே நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு சாலை விபத்தில் மறைந்தார். இவ்விருவரின் பழைய ஒலிப்பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி நுட்பத்துக்குப் பழக்கி, வேறொருவர் பாடியதை இவர்கள் குரலாக மாற்றியிருந்தார்கள். எதிர்ப்பு எழுந்தபோது, இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அனுப்பப்பட்டதாக ரஹ்மான் தெரிவித்தார்.

பாடலைக் கேட்டேன். குரல் அவருடையதுதான். ஆனால் ஷாகுல் ஹமீது பாடும்போது சொல்லின் நுனியில் ஒரு குறும்பு இருக்கும். அடுத்த அடியில் என்ன செய்வாரோ என்று நம்மைக் காத்திருக்க வைப்பார். புதுப்பாட்டில் அந்தக் காத்திருப்பு எனக்கு ஏற்படவில்லை. என் செவியின் குறையாகவும் இருக்கலாம். அக்குரலைக் கேட்டு நான் மகிழ்ந்தேனா வருந்தினேனா என்று இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் அத்தா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1986-இல் சவூதிக்குப் போய், தம்மாமில் வேலையில் சேர்ந்தார். அந்நாளில் கடிதத்தோடு கேசட்டும் வரும். வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீட்டார் இதை அறிவீர்கள். இரவு அறைக்குத் திரும்பியதும் டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்து, எதிரில் நாங்கள் அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டு பேசுவார். ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்கள் கேட்டுவிட்டு, அதே கேசட்டின்மேல் எங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். அதனால் எந்தக் குரலும் நிலைத்து நிற்காது. ஒரே ஒரு கேசட்டை மட்டும், 1993-இல் வந்ததை, அம்மா திருப்பி அனுப்பாமல் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

1994-இல் ‘காதலன்’ வந்தது. வெற்றுக் கேசட் வாங்க என்னிடம் காசில்லை. பீரோவிலிருந்த கேசட்டை எடுத்துக்கொண்டு, ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த பாட்டுப் பதியும் கடைக்கு ஓடினேன். ‘காதலன்’ பாடல்களோடு, ‘டூயட்’, ‘மே மாதம்’ பாடல்கள் சிலவற்றையும் சேர்த்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல யாரோ பேசறாங்களே, அழிச்சுடலாமா?” என்று கேட்டார்.

“அழிச்சுடுங்க” என்றேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. அத்தா அடுத்த கேசட்டில் மீண்டும் பேசுவார் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அம்மா திட்டவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது சமையற்கட்டிலிருந்து வந்து சற்று நேரம் நின்றார்கள், பிறகு போய்விட்டார்கள். அடுத்த கேசட் வரவே இல்லை. தெருவுக்குத் தெரு ஐ.எஸ்.டி. தொலைபேசிக் கூண்டுகள் வந்துவிட்டன. மாதம் ஒருமுறை மூன்று நிமிடம் பேசுவதே போதுமென்றாகி, கேசட் அனுப்பும் வழக்கம் நின்றுபோயிற்று. 1997-இல் அத்தா தம்மாமிலேயே மாரடைப்பால் மவுத்தானார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். எங்களில் யாரும் அந்தக் கபுரைப் பார்த்ததில்லை.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் அம்மா அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடல் ‘ஊர்வசி’. ரஹ்மானும் சுரேஷ் பீட்டர்ஸும் ஷாகுல் ஹமீதும் சேர்ந்து பாடியது. அது முடிந்ததும் ‘டக்’கென்று ஓர் ஒலி. அதன்பின் அத்தாவின் குரல்! முழுப்பாட்டு ஒன்றுக்கு இடம் போதாமல் கடைக்காரர் விட்டுவைத்த மிச்சம் அது, நாற்பது விநாடி. அம்மா அதை எப்போது கண்டுபிடித்தார்களோ தெரியாது. நாடா அறுந்துவிடும் என்று அஞ்சி, முன்னும் பின்னும் ஓட்டித் தேடமாட்டார்கள். பாட்டை முழுமையாக ஓடவிட்டு, அது முடியும்வரை காத்திருப்பார்கள். சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் அம்மாவுக்கு ‘ஊர்வசி’ பாட்டின் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடமானது இப்படித்தான்.

‘லால் சலாம்’ வந்த அடுத்த மாதம், நோன்புக் காலத்தில், பென்யாமின் எழுதிய மலையாள நாவலைத் தழுவி பிளெஸ்ஸி இயக்கிய ‘ஆடுஜீவிதம்’ திரைக்கு வந்தது. சவூதிக்கு வேலை தேடிப் போன நஜீப் என்னும் இளைஞன், பாலைவனத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் சிக்கிக்கொள்ளும் கதை. ரஹ்மானின் அண்மைக்காலப் படைப்புகளில் எனக்கு முதன்மையானது இதுதான். அதில் ரஃபீக் அகமது எழுதி ஜிதின் ராஜ் பாடிய ‘பெரியோனே’ என்ற பாடலில், இறைவனை ரஹ்மான் என்னும் அவன் திருநாமத்தாலேயே விளிக்கிறான் பாடுபவன். நன்னா இருந்திருந்தால், “இங்கேதான் அந்தப் பேரு சரியான இடத்துல வந்திருக்கு” என்று சொல்லியிருப்பார். பாலைவனம் என்றதும் அரபுத் தாளத்தை அள்ளி இறைக்காமல், ஒற்றைக் குரலை வெட்டவெளியில் விட்டிருக்கிறார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் காற்று நுழைந்து போகிறது. படத்தின் பின்னணி இசையிலும் இந்த அடக்கத்தைக் காணலாம். நீர் கண்ட இடத்தில்கூட இசை துள்ளுவதில்லை.

நோன்பில் எங்கள் வீட்டில் பாட்டுக் கிடையாது. பெருநாள் கழிந்த மறுவாரம், வெங்கடாபுரத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த அம்மாவிடம் கைப்பேசியை நீட்டி அப்பாடலைப் போட்டேன். மலையாளம் அவர்களுக்கு அரைகுறையாகத்தான் புரியும். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இந்தப் புள்ளை தனியா இருக்கான்” என்றார்கள். நான் பல நாள் யோசித்து உங்களுக்கு எழுதியதை அம்மா ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். சற்றுப் பொறுத்து, “அத்தா ரூம்ல ஏழு பேரு. சமைக்கிறதெல்லாம் முறை வச்சித்தான். அவங்க தனியா இல்லத்தா” என்றார்கள். எனக்குச் சொன்னார்களா, தமக்கே சொல்லிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

அப்படத்தில் ‘இஸ்திக்ஃபார்’ என்றொரு பாடலும் உண்டு. ஆஸ்கார் விருதுக்கான முதற்கட்ட நீள்பட்டியலில் 2024-இல் இடம்பெற்று, அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நின்றது. அதை நான் தனியாகத்தான் கேட்கிறேன். அம்மாவின் முன்னால் இன்னும் போடவில்லை.

பூந்தமல்லியில் வாழும் என் அக்காவின் மகன் கணினிப் பொறியியல் படிக்கிறான். நாடா நைந்துபோகும் முன் அந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றியவன் அவன்தான். ‘லால் சலாம்’ பாடலைப் பற்றி நான் புலம்பக் கேட்டவன், ஒருநாள் சொன்னான்: “மாமு, நாற்பது செகண்டு இருந்தாலே போதும். நன்னா குரலைக் கொண்டாந்துடலாம். நீங்க எழுதிக் கொடுக்கறதை அவங்க பேசுவாங்க.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அழித்த அந்த ஒரு மணி நேரத்தில் அத்தா என்ன பேசினார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவ்வப்போது துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார்கள்: அக்காவின் திருமணத்துக்குச் சேர்க்கும் பணம், அறையிலிருந்த ஒருவர் ஊர் போனது, ஊரில் மழையா என்ற கேள்வி. அம்மாவைச் சொல்லச் சொல்லி நான் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். பதின்மூன்று வயதில் செய்ததை நாற்பத்து மூன்று வயதில் சரிசெய்துவிடலாம். உண்மையைச் சொன்னால், தாளும் பேனாவும் எடுத்து முதல் வரியையும் எழுதிவிட்டேன்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னோம். மருமகன் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார்கள். “அந்தப் பாட்டுக்காரரு வீட்டுல சம்மதம் கேட்டாங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

“கேட்டாங்கம்மா. பணமும் கொடுத்தாங்களாம்.”

“வீட்டுல கேட்டாங்க. சரி” என்றார்கள். பிறகு பேரனிடம், “நன்னா பேசுனது எனக்குத் தெரியும். நீங்க எழுதிக் கொடுத்து அவங்க பேசுனா, அது யாரு பேசறது?” என்றார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சட்டைப் பைக்குள் இருந்த தாளை வெளியே எடுக்கவில்லை.

“அதை விடு. இருக்கறதைப் போடு” என்றார்கள் அம்மா.

அவன் கைப்பேசியை எடுத்துத் தட்டினான். அத்தாவின் குரல் உடனே ஒலித்தது. நன்னிக்கு வசதியாக இருக்கட்டும் என்று பாட்டை வெட்டி நீக்கிவிட்டு, அந்த நாற்பது விநாடியை மட்டும் தனியே பிரித்து வைத்திருந்தான். அம்மா கையமர்த்தினார்கள்.

“பாட்டு எங்கே?”

“அது எதுக்கு நன்னி? நன்னா பேச்சு மட்டும்...”

“பாட்டோட போடு.”

கணினியிலிருந்த முழுப் பதிவைத் தேடிக் கொண்டுவர அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அம்மா தாவணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ‘ஊர்வசி’ தொடங்கிற்று. ஷாகுல் ஹமீதின் குரல், அவரே பாடிய குரல், 1994-இல் இருந்தபடியே வந்து போயிற்று. பாட்டு முடிந்தது. ‘டக்’ என்றது.

“...கொல்லைக் கதவு தாழ்ப்பாளை மாத்திடு, மழைக்கு முந்தி. தம்பி படிக்கிறானா? பாட்டு கேட்டா கேக்கட்டும், திட்டாதே. சரி, கேசட்டு முடியப் போவுது போலிருக்கு...”